குதிரை நடந்த கரை

தென் பிரான்ஸில் துலூஸ் நகரத்திலிருந்து மத்தியதரைக் கடலோரத்து உப்பங்கழி வரை 240 கிலோமீட்டருக்கு ஒரு கால்வாய் போகிறது. மிடி கால்வாய் என்று பெயர். அதன் கரை நெடுகப் பாதை உண்டு. இவ்வளவு தூரத்தில் மூச்சு வாங்க வைக்கும் ஏற்றம் என்று சொல்ல விரல்விட்டு எண்ணும் இடங்கள்கூட இல்லை. வயது ஐம்பதைத் தாண்டியதும், ‘நடைப்பயணமெல்லாம் மலையேறுகிற இளவட்டங்களுக்கு’ என்று ஒதுங்கி, வெளியூர் போனாலும் வண்டிச் சன்னல் வழியாகவே ஊர் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் நம்மில் ஏராளம். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். முழங்கால் வலி உள்ளவர்களும் நடக்கலாம். பேரப்பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டும் நடக்கலாம். பிரான்ஸின் நாட்டுப்புறத்தை அதன் சமையலறை வாசல் வரை போய்ப் பார்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

நான் பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். பணிக்காலத்தில் பெரும்பகுதி காவிரி டெல்டாவில், ஆற்றங்கரையிலும் வாய்க்கால் மதகுகளிலும் கழிந்தது. மகள் துலூஸில் வேலை பார்க்கிறாள். அவள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் இந்தக் கரையில் நடக்கிறேன். நடக்க நடக்க எனக்கு உறுதியான விஷயம் ஒன்று உண்டு. இந்தப் பாதை தானாகச் சமமாக அமைந்துவிடவில்லை. 350 ஆண்டுகளுக்கு முன்னால், லெவல் பார்க்க இன்றுள்ள கருவிகள் எதுவும் இல்லாத காலத்தில், ஆயிரக்கணக்கானவர்கள் உழைத்து இதைச் சமமாக்கினார்கள். அந்தக் கதையைத் தெரிந்துகொண்டு நடந்தால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் பொருள் கூடும்.

ஏறாத பாதையின் ரகசியம்

பாசன வாய்க்கால் வெட்டுகிறவர்களுக்குச் சரிவுதான் கவலை. கிலோமீட்டருக்கு ஒரு சாணாவது இறக்கம் கொடுக்காவிட்டால் கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேராது. படகுக் கால்வாய்க்குக் கணக்கு தலைகீழ். அங்கே தண்ணீர் ஓடக் கூடாது, நிற்க வேண்டும். ஓடினால் எதிர்த்து வரும் படகை இழுத்து மாளாது. அதனால் மேடு வரும் இடத்தில் கால்வாயைச் சரிவாக வெட்டாமல், கோயில் குளத்துப் படிக்கட்டு போல மட்டம் மட்டமாக வெட்டுகிறார்கள். ஒவ்வொரு மட்டத்திலும் தண்ணீர் அசையாமல் நிற்கும். ஒரு மட்டத்துக்கும் அடுத்த மட்டத்துக்கும் நடுவில் ‘லாக்’ இருக்கும்.

சென்னைப் பக்கம் பக்கிங்ஹாம் கால்வாயில் படகு ஓடிய நாட்களை அறிந்தவர்களுக்கு லாக் புதிதல்ல. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். இரு முனைகளிலும் கதவு போட்ட கல் தொட்டிதான் லாக். கீழிருந்து வரும் படகு உள்ளே நுழைந்ததும் பின்கதவைச் சாத்துகிறார்கள். முன்கதவில் உள்ள சிறு ஷட்டரைத் தூக்கினால் மேல்மட்டத்துத் தண்ணீர் தொட்டிக்குள் பாய்கிறது. தண்ணீரோடு படகும் உயர்கிறது. இரு பக்கமும் மட்டம் ஒன்றானதும் முன்கதவு எளிதாகத் திறக்கும். படகு தன் வழியே போகும். இறங்குவதற்கு இதையே திருப்பிச் செய்தால் போதும். மோட்டார் இல்லாமல், தண்ணீரின் எடையை மட்டும் வைத்துக்கொண்டு டன் கணக்கான சரக்கை மேலே தூக்கும் வித்தை இது.

மிடி கால்வாயின் லாக்குகள் முட்டை வடிவில் இருப்பதை நடப்பவர்கள் கவனிக்கலாம். தொடக்கத்தில் நேர்ச்சுவர் வைத்துக் கட்டிய ஒரு லாக், தொட்டி காலியாக இருந்தபோது பக்கத்து மண்ணின் அழுத்தம் தாங்காமல் சரிந்தது. அதற்குப் பிறகு சுவர்களை வெளிப்புறமாக வளைத்துக் கட்டினார்கள். படுக்க வைத்த வளைவு போல அந்தச் சுவர் மண்ணை எதிர்த்து நிற்கிறது. ஏறத்தாழ 30 மீட்டர் நீளமும் நடுவில் 11 மீட்டர் அகலமும் கொண்ட அந்தக் கல் தொட்டிகளில் பல இன்றும் வேலை செய்கின்றன.

கரையில் ஏன் பாதை? எஞ்சின் வருவதற்கு முன்னால் குதிரைகள் கரையில் நடந்து கயிற்றால் படகை இழுத்தன. கயிறு சிக்காமல் இருக்கப் பாதை நீரை ஒட்டியே போக வேண்டும். குதிரை களைக்காமல் இருக்க மேடு பள்ளம் இருக்கக் கூடாது. அன்று குதிரைக்காகச் செய்த இந்த இரண்டு ஏற்பாடுகள்தான் இன்று நம் கால்களுக்குச் சுகமாகின்றன. 1787-ல் பாரிஸில் அமெரிக்கத் தூதராக இருந்த தாமஸ் ஜெபர்சன், பின்னாளில் குடியரசுத் தலைவரானவர், தன் குதிரை வண்டியைப் படகில் ஏற்றிக்கொண்டு கடலோரத்திலிருந்து துலூஸ் வரை இந்தக் கால்வாயில் வந்தார். உட்கார்ந்து அலுத்தபோது கரையில் இறங்கிப் படகோடு நடந்தார். குதிரை வேகத்தில் போகும் படகுக்கு மனிதன் எளிதாக ஈடுகொடுக்கலாம்.

உச்சிக்குத் தண்ணீர் வந்த வழி

அட்லாண்டிக் கடலையும் மத்தியதரைக் கடலையும் பிரான்ஸுக்குள்ளேயே இணைத்துவிட்டால், கப்பல்கள் ஸ்பெயினைச் சுற்றிக்கொண்டு ஜிப்ரால்டர் வழியாகப் போக வேண்டியதில்லை. இந்த ஆசை மன்னர்களுக்கு நெடுநாளாக இருந்தது. தடையாக இருந்தது ஒரே கேள்வி. அட்லாண்டிக்கை நோக்கி ஓடும் கரோன் ஆற்றுப் பக்கத்திலிருந்து ஏறி மறுபக்கம் கடலை நோக்கி இறங்க வேண்டிய கால்வாய், நடுவில் ஒரு மேட்டைத் தாண்ட வேண்டும். ஒவ்வொரு படகு கடக்கும்போதும் மேட்டின் உச்சியிலிருந்து ஒரு தொட்டித் தண்ணீர் கீழே இறங்கிவிடும். உச்சிக்கு ஓயாமல் தண்ணீர் கொடுப்பது யார்?

விடை சொன்னவர் பியர்-போல் ரிக்கே. பொறியாளர் அல்ல. லாங்கதோக் பகுதியில் மன்னருக்காக உப்பு வரி வசூலித்தவர். வடக்கே ‘கருமலை’ என்று அழைக்கப்படும் மலைத்தொடரின் ஓடைகளை அவர் நன்கு அறிந்திருந்தார். ரெவெல் என்ற ஊரில் நீரூற்றுகளைப் பராமரித்துவந்த பியர் காம்மாஸ் அவருக்குத் துணை நின்றார். மலையோடைகளை மறித்து, அணையில் சேர்த்து, ஊட்டு வாய்க்கால் வழியாக நொரூஸ் என்னும் மேட்டுக்குக் கொண்டுவரலாம் என்று 1662-ல் அமைச்சர் கொல்பேருக்கு எழுதினார் ரிக்கே. 1666-ல் பதினான்காம் லூயியின் ஆணை பிறந்தது.

கருமலை அடிவாரத்தில் அவர் கட்டிய சேன் ஃபெரியோல் அணை 1672-ல் முடிந்தது. சுமார் 780 மீட்டர் நீளம். கொள்ளளவு 60 லட்சம் கன மீட்டருக்குச் சற்று அதிகம். நம் கணக்கில் கால் டி.எம்.சி.கூட இல்லை. மேட்டூரின் 93 டி.எம்.சி.யைப் பார்த்த கண்ணுக்கு இது சிறு ஏரி. ஆனால் 17-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் படகுக் கால்வாய்க்கென்று இப்படி ஒரு நீர்த்தேக்கம் கட்டியது துணிச்சலான காரியம். அந்தக் கால் டி.எம்.சி.யை ஒரு சொட்டு வீணாகாமல் கணக்குப் பார்த்துச் செலவிட்டுத்தான் இரு கடல்களை இணைத்தார்கள்.

மென்நடை விரும்புகிறவர்கள் கால்வாயோடு நின்றுவிடாமல் இந்த ஊட்டு வாய்க்கால்களுக்கும் போக வேண்டும். ‘ரிகோல்’ என்று சொல்கிறார்கள். இரண்டு உண்டு. ஒன்று மலைக் காட்டுக்குள் வளைந்து வளைந்து போகிறது. மற்றொன்று சமவெளி வயல்களின் ஓரமாக நொரூஸுக்கு இறங்குகிறது. தாண்டிவிடலாம் போன்ற அகலம்தான். கால்வாயில் நிற்கும் தண்ணீர் இங்கே ஓடுகிறது, சலசலக்கிறது. எனக்கு இந்த ரிகோல்கள்தான் மிக நெருக்கம். மலைச் சரிவில் ஒரு பக்கம் வெட்டி, மறுபக்கம் கரை போட்டு, இம்மியளவு இறக்கத்தில் தண்ணீரைக் கிலோமீட்டர் கிலோமீட்டராகக் கூட்டிவந்திருக்கிறார்கள். எங்கே கரை பலப்படுத்தினார்கள், எங்கே மிகைநீரை வெளியேற்றக் கலிங்கு வைத்தார்கள் என்று பார்த்துக்கொண்டே நடந்தால் வழி நீளாது. கோடையில் பீச், ஓக் மரங்களின் நிழல் தலைக்கு மேலேயே வரும்.

நொரூஸ் மேடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 190 மீட்டர் உயரம். மலைத் தண்ணீர் அங்கே கால்வாயில் விழுந்து இரண்டாகப் பிரிகிறது. ஒரு பங்கு மேற்கே போய்க் கரோன் ஆற்றுப் பக்கம் இறங்கும். மறுபங்கு கிழக்கே மத்தியதரைக் கடலுக்குப் போகும். ஓங்கிய பிளேன் மரச் சாலையும் ரிக்கேயின் சந்ததியார் 19-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய கல் தூணும் அங்கே உண்டு. ஒரு மணி நேரத்தில் சுற்றிவிடலாம். குழந்தைகளோடு போகிறவர்கள் இங்கிருந்து தொடங்குவது நல்லது. தண்ணீர் எப்படிப் பங்கிடப்படுகிறது என்பதை அவர்கள் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்வார்கள்.

மண் சுமந்தவர்கள்

வேலை உச்சத்தில் இருந்தபோது சுமார் 12,000 பேர் இந்தக் கால்வாயில் வேலை பார்த்தார்கள். மண்வெட்டி, கடப்பாரை, கூடை. அவ்வளவுதான் கருவி. பெண்கள் பெருமளவில் மண் சுமந்தார்கள். ரிக்கே மாதச் சம்பளம் கொடுத்தார். ஞாயிறு, திருநாள், மழை நாள், உடல்நலமில்லாத நாள் எல்லாவற்றுக்கும் கூலி பிடிக்கவில்லை. 17-ஆம் நூற்றாண்டில் இது கேள்விப்படாத ஏற்பாடு. ஆட்கள் ஓடிவிடக் கூடாது என்பதற்காகத்தான் கொடுத்தார் என்று சொல்கிறவர்களும் உண்டு. எதற்காகக் கொடுத்தாலும் கொடுத்தது கொடுத்ததுதான். மழைக்காலத்தில் வேலை நின்றால் கூலியும் நின்றுபோகும் மண்வேலைக்காரர்களை அருகிலிருந்து பார்த்தவள் நான். அதன் அருமை எனக்குத் தெரியும்.

சந்திரா முகர்ஜி என்ற சமூகவியலாளர் 2009-ல் வெளிவந்த தன் நூலில் இன்னும் ஆழமான ஒன்றைச் சொல்கிறார். பிரனீஸ் மலைக் கிராமங்களில் ஊற்றுநீரை வாய்க்கால் வெட்டி வீடுகளுக்கும் வயல்களுக்கும் கொண்டுவரும் பழக்கம் தலைமுறைகளாக இருந்தது. அங்கிருந்து வந்த பெண்கள் மண்ணை மட்டும் சுமந்து வரவில்லை, தண்ணீரை நடத்தும் அறிவையும் கொண்டுவந்தார்கள் என்பது அவர் வாதம். எந்த மண் தண்ணீரைத் தாங்கும், எங்கே கசியும், எவ்வளவு சரிவு போதும் என்பது படிப்பால் மட்டும் வரும் அறிவல்ல. டெல்டாவில் எனக்கும் அதைக் கற்றுக்கொடுத்தவர்கள் மதகு பார்க்கும் லஸ்கர்களும் வயதான விவசாயிகளும்தான். ஆகவே அவர் வாதத்தை நான் மனப்பூர்வமாக நம்புகிறேன். ரிக்கேக்குச் சிலை இருக்கிறது. அந்தப் பெண்களுக்கு இந்தக் கரைதான் நினைவுச் சின்னம்.

ரிக்கே கால்வாய் திறக்கப்பட்டதைப் பார்க்கவில்லை. சொத்தைக் கொட்டி, கடனில் மூழ்கி, 1680 அக்டோபரில் இறந்தார். 1681 மே மாதம் கால்வாய் திறக்கப்பட்டது. பிறகு வோபான் என்ற ராணுவப் பொறியாளர் வந்து, குறுக்கே ஓடும் ஆறுகளும் ஓடைகளும் கால்வாயைத் தொடாமல் கடந்து போக மேம்பாலங்களும் கீழ்க்குழாய்களும் கட்டினார். 1996-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

கப்பெஸ்தாங்கிலிருந்து ஒரு நடை

ஒரே ஒரு பகுதியைத்தான் நடக்க முடியும் என்று சொல்கிறவர்களுக்கு நான் பரிந்துரைப்பது, கப்பெஸ்தாங் என்னும் சிற்றூரிலிருந்து பெஸியே நகரத்துக்கு முன்னால் உள்ள ஃபோன்செரான் வரையிலான 18 கிலோமீட்டர். இது 54 கிலோமீட்டருக்கு ஒரு லாக்கும் இல்லாத நீண்ட மட்டத்தின் கடைசிப் பகுதி. அரை கிலோமீட்டர் நேராகப் போக வேண்டிய இடத்தில் கால்வாய் ஒரு குன்றைச் சுற்றி இரண்டு கிலோமீட்டர் வளையும். மட்டம் தவறக் கூடாது என்பதற்காக நிலத்தின் சமஉயரக் கோட்டைப் பிடித்துக்கொண்டே போயிருக்கிறார்கள். நில அளவை வரைபடத்தில் கோடாக மட்டும் பார்த்ததை இங்கே காலால் உணரலாம்.

கப்பெஸ்தாங்கில் மிக உயர்ந்த பழைய தேவாலயம் ஒன்று இருக்கிறது. ஊரை விட்டுக் கிளம்பி வெகுதூரம் போன பிறகும் அதன் கோபுரம் திராட்சைத் தோட்டங்களுக்கு மேலே தெரிந்துகொண்டே இருக்கும். ஊர்ப் பாலம் மிகத் தாழ்வானது. பெரிய படகுகளில் வருகிறவர்கள் குனிந்து, கூரையை மடக்கித்தான் கடக்கிறார்கள். வலப்புறம் கால்வாய், இடப்புறம் திராட்சை, நடுவில் மண்பாதை. வழியில் வரும் சிற்றூர்களில் காலையில் ரொட்டிக் கடை திறந்திருக்கும். எதிரே வருகிறவர்கள் எல்லோரும் ‘பொன்ஜூர்’ சொல்வார்கள். பதில் சொல்லாமல் போவது அங்கே மரியாதைக் குறைவு.

பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் மல்பாஸ் குன்று. கால்வாய் இங்கே மலைக்குள் புகுந்துவிடுகிறது. 1679-ல் தோண்டத் தொடங்கிய, சுமார் 165 மீட்டர் நீளமுள்ள சுரங்கம் இது. படகு போவதற்காக ஐரோப்பாவில் வெட்டிய முதல் சுரங்கம் என்று போற்றப்படுகிறது. உதிரும் மணற்பாறை. வேலையை நிறுத்தும்படி மேலிடத்து உத்தரவு வந்த பிறகும் ரிக்கே ரகசியமாகத் தோண்டி முடித்துக் காட்டினார் என்று ஊரில் சொல்கிறார்கள். அதே குன்றுக்குள் கால்வாய்க்குக் கீழே 19-ஆம் நூற்றாண்டு ரயில் சுரங்கமும், அதற்கும் கீழே 13-ஆம் நூற்றாண்டு வடிகால் சுரங்கமும் இருக்கின்றன. மூன்று காலத்து ஆட்கள் ஒரே குன்றை மூன்று மட்டத்தில் துளைத்திருக்கிறார்கள்.

அந்த வடிகால் எதற்கு என்று தெரிந்துகொள்ள, பாதையை விட்டுக் கொஞ்சம் விலகி அன்செரூன் மேட்டுக்கு ஏற வேண்டும். இந்த நடையில் ஏற்றம் என்று இருப்பது இது ஒன்றுதான். மேலே ரோமானியர்களுக்கும் முற்பட்ட ஊரின் இடிபாடுகள். அங்கிருந்து கீழே பார்த்தால் மொன்தாதி தெரியும். ஒரு காலத்தில் தண்ணீர் தேங்கிய சதுப்பு. 1247-ல் அனுமதி பெற்று அதை வடித்து வயலாக்கினார்கள். நடுப்புள்ளியை நோக்கி நாலாபக்கமும் வடிகால்கள் ஓடுவதால், வயல்கள் முக்கோணம் முக்கோணமாகப் பிரிந்து வட்டமாக விரிகின்றன. நடுவில் சேர்ந்த தண்ணீர் குன்றுக்கு அடியில் உள்ள அந்தப் பழைய சுரங்கத்தின் வழியாக வெளியேறுகிறது. வடிகால் சரியில்லாமல் பயிர் அழுகிய நிலங்களை வருடந்தோறும் பார்த்து வளர்ந்தவள் நான். அந்த வட்டத்தைப் பார்க்கப் பார்க்க என் கண்ணுக்குத் திகட்டுவதில்லை.

மல்பாஸுக்குச் சற்றுத் தள்ளிக் கொலொம்பியே என்ற ஊர். நடையை இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ள நினைப்பவர்கள் இங்கே தங்கலாம். அங்கிருந்து ஆறு கிலோமீட்டரில் ஃபோன்செரான். எட்டுத் தொட்டிகள் ஒன்றோடொன்று ஒட்டி, 300 மீட்டர் தூரத்துக்குள் 21 மீட்டருக்கு மேல் இறங்குகின்றன. ஒரு படகு கடந்து முடிய அரை மணிக்கு மேல் ஆகும். சுற்றிலும் கூட்டம் படகைப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. நான் கதவுக்கு அருகே குனிந்து, ஷட்டர் தூக்கும்போது தண்ணீர் எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். லாக் ஊழியர் என் மகளிடம் ஏதோ கேட்டார். “அம்மா, நீ இந்த வேலை பார்த்தவளான்னு கேக்குறார்,” என்றாள் அவள். “ஆமா, முப்பது வருஷத்துக்கு மேலன்னு சொல்லு,” என்றேன். அவர் என்னைக் கைப்பிடிச் சுவர் ஓரமாக அழைத்துப்போய், கதவு சுவரோடு சேரும் இடத்தைக் காட்டினார். அவர் பிரெஞ்சில் சொன்னார், நான் தமிழில் கேட்டேன். மகள் பாதிதான் மொழிபெயர்த்தாள். மீதிக்குத் தேவை இருக்கவில்லை.

பக்கத்திலேயே இன்னொன்றும் நிற்கிறது. 1980-களில் லாக்குகளுக்கு மாற்றாக, சாய்தளத்தில் தண்ணீரோடு படகைத் தள்ளிக்கொண்டு போகும் ஒரு பெரிய இயந்திரத்தை அமைத்தார்கள். கோளாறுகள் தீரவில்லை. இப்போது அது அசையாமல் கிடக்கிறது. 17-ஆம் நூற்றாண்டின் கல் படிகள் இன்றும் படகுகளை ஏற்றி இறக்குகின்றன.

வெட்டப்படும் மரங்கள்

மிடி கால்வாய் என்றதும் பிரெஞ்சுக்காரர்கள் மனத்தில் வருவது இரு கரையிலும் கூடாரம் போட்ட பிளேன் மரங்கள். ஏறத்தாழ 42,000 மரங்கள் இருந்தன. பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டில் வைத்தவை. வேர்கள் கரையைப் பிடித்துக்கொண்டன. நிழல் நீர் ஆவியாவதைக் குறைத்தது. 2006-ல் இக்கால்வாயில் ஒரு பூஞ்சை நோய் கண்டுபிடிக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையின் ஆயுதப் பெட்டி மரங்களோடு ஐரோப்பாவுக்கு வந்த நோய் என்று கருதப்படுகிறது. வேரிலிருந்து வேருக்கும் நீர் வழியாகவும் பரவுகிறது. பிடித்த மரம் சில ஆண்டுகளில் பட்டுவிடும். மருந்து இல்லை. வெட்டி எரிப்பதுதான் ஒரே வழி.

பாதிக்கும் மேற்பட்ட மரங்கள் இப்படிப் போய்விட்டன. சில பகுதிகளில் நிழலே இல்லாத வெட்டவெளியில் நடக்க வேண்டியிருக்கிறது. மனம் கனக்கிறது. ஆனால் கால்வாய் நிர்வாகம் முன்பு போல ஒரே இனத்தை வைக்காமல் ஓக், லிண்டன், வெண்பாப்ளர் எனப் பல இனங்களைக் கலந்து நட்டுவருகிறது. இப்போது போகிறவர்கள் இளங்கன்றுகளைத்தான் பார்ப்பார்கள். அவற்றின் நிழல் நம் பேரப்பிள்ளைகளுக்கு.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

மே, ஜூன், செப்டம்பர், அக்டோபர் நல்ல மாதங்கள். ஜூலை, ஆகஸ்ட் வெயில் நம் ஊர் வெயிலுக்குக் குறைந்ததல்ல. மரம் வெட்டப்பட்ட இடங்களில் அது இரட்டிப்பாகத் தெரியும். கர்கசோன், நர்போன் பக்கம் ‘செர்’ என்ற வடமேற்குக் காற்று சில நாட்களில் ஆளைத் தள்ளும். காது மறைக்கும் துணி அவசியம்.

துலூஸ், கஸ்தெல்நொதாரி, கர்கசோன், பெஸியே ஆகிய ஊர்கள் ஒரே ரயில் பாதையில் இருப்பதால், ஓர் ஊரில் இறங்கிக் கொஞ்சம் நடந்துவிட்டு ரயிலில் திரும்பிவிடலாம். கிராமங்களில் உணவகம் பன்னிரண்டு மணியிலிருந்து இரண்டு மணி வரைதான். அதைத் தவறவிட்டால் மாலை வரை ஒன்றும் கிடைக்காது. ஞாயிறு பிற்பகலில் கடைகளும் இல்லை. நான் புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு போவேன். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு ரொட்டி, ஆட்டுப்பால் சீஸ், ஆலிவ், பழம் எங்கும் கிடைக்கும்.

துலூஸிலிருந்து நொரூஸ் பக்கம் வரை பாதை தார் போட்டது. சக்கர நாற்காலிக்கும் ஏற்றது. அதற்குக் கிழக்கே பெரும்பாலும் மண்பாதை. வேர்கள் தடுக்கும், மழைக்குப் பின் வழுக்கும். நல்ல காலணி வேண்டும். சைக்கிள்காரர்கள் மணி அடித்தால் வலப்பக்கம் ஒதுங்குங்கள். லாக் காவலர் வீட்டுச் சுவர்களில் அந்த லாக்கின் பெயரும் அடுத்த லாக்குக்கு இருபுறமும் எத்தனை மீட்டர் என்பதும் பொறித்த பழைய பலகைகள் இருக்கும். வரைபடம் இல்லாமலே நம் வேகத்தைக் கணக்குப் போட அது போதும்.

கால்வாயை விட்டு நாட்டுப்புறத்துக்குள் திரும்பினால் மரங்களிலும் கற்களிலும் வண்ணக் கோடுகள் தெரியும். வெள்ளையும் சிவப்பும் சேர்ந்தால் நெடுந்தூரப் பாதை. மஞ்சள் என்றால் அரை நாளிலோ ஒரு நாளிலோ முடியும் உள்ளூர்ப் பாதை. கோடுகள் பெருக்கல் குறி போலக் குறுக்கே இருந்தால் அந்த வழி போகாதே என்று பொருள். 1947-ல் தொடங்கிய இந்த ஏற்பாடு இன்று நாடு முழுவதும் சுமார் 1,80,000 கிலோமீட்டருக்குப் பரந்திருக்கிறது. இந்தக் கோடுகளைத் தீட்டுகிறவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள்.

தெற்கே போக வாய்ப்பில்லாதவர்களுக்கு வேறு கரைகள் உண்டு. நெடுந்தூரப் பாதைகளில் முதன்முதலாகக் குறியிட்டது லுவார் ஆற்றோரத்தில், ஒர்லியான் பக்கம். அந்த ஆற்றின் குறுக்கே பிரியாரில் 662 மீட்டர் நீளமுள்ள நீர்ப்பாலம் 1896-ல் கட்டப்பட்டது. ஆற்றுக்கு மேலே கால்வாய், கால்வாயில் படகு, ஓரத்தில் நாம். பாரிஸில் இருப்பவர்களுக்கு இன்னும் எளிது. நம்மவர்களின் கடைத்தெருவான லா ஷப்பேலிலிருந்து கிழக்கே கொஞ்சம் நடந்தால் லா வில்லெத் நீர்த்தேக்கம் வந்துவிடும். பாரிஸின் குடிநீருக்காக 1802-ல் நெப்போலியன் ஆணையிட்ட உர்க் கால்வாய் அங்கேதான் வந்து சேர்கிறது. அதன் கரையில் உள்ள பந்தான், பொபினி, பொந்தி ஆகிய ஊர்களில் ஈழத் தமிழர்கள் ஏராளமாக வாழ்கிறார்கள். வீட்டு வாசலிலிருந்தே நடையைத் தொடங்கலாம்.

நடப்பவர்களே காவல்

ரயில் வந்த பிறகு மிடி கால்வாயின் சரக்குப் போக்குவரத்து தேய்ந்து, 1980-களோடு நின்றுபோனது. பயன் போய்விட்டது என்று தூர்த்துச் சாலை போட்டிருக்கலாம். பாரிஸின் சேன் மார்தான் கால்வாயின் மேல் விரைவுச் சாலை போட 1960-களில் திட்டமே இருந்தது. அது கைவிடப்பட்டது. மிடியிலும் தண்ணீர் விடுவதை நிறுத்தவில்லை. இன்று அது வயல்களுக்குப் பாய்கிறது, சுற்றுலாப் படகுகளைத் தாங்குகிறது. கரைகளை மக்கள் எடுத்துக்கொண்டார்கள். காலையில் நாயோடு வரும் முதியவர், பள்ளிக்குப் போகும் பிள்ளை, தூண்டில் போடுகிறவர், அயல்நாட்டிலிருந்து வந்த என்னைப் போன்ற ஒருத்தி, எல்லோருக்கும் அங்கே கட்டணம் இல்லாத இடம் இருக்கிறது.

என் பணி அனுபவத்தில் திரும்பத் திரும்பப் பார்த்த உண்மை இது: கரையில் ஆள் நடமாட்டம் உள்ள வாய்க்காலை எளிதில் ஆக்கிரமிக்க முடியாது, குப்பை கொட்டவும் முடியாது. கசிவு ஏற்பட்டால் அன்றே தகவல் வரும். ஆள் போகாத வாய்க்கால் வரைபடத்தில் மட்டும் மிஞ்சும். கால்வாய் உயிரோடு இருக்கத் தண்ணீர் வேண்டும், ஆண்டுதோறும் மராமத்து வேண்டும், கரையில் மனிதர்கள் நடக்கவும் வேண்டும். முதல் இரண்டையும் அரசிடம் கேட்டுப் பெறலாம். மூன்றாவது நம் கையில் இருக்கிறது. பிரான்ஸில் நடந்துவிட்டு வருகிறவர்கள், நம் ஊர் வாய்க்கால் கரைக்கும் ஒரு காலை நேரத்தை ஒதுக்குங்கள்.